செக்கரும் பார்லித் தண்ணியும்

செக்கர் என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அது தன் பெயர்தானா என்று அவரே அவ்வப்போது எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்வார் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். ஓடும் பேருந்துகளில் நடு நிறுத்தத்தில் ஏறி, பயணிகளிடம் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேலைக்காக ஆளா, ஆளுக்காக வேலையா என்று சொல்ல முடியாத பொருத்தம். பேருந்தின் படியில் கால் வைக்கும்போதே எந்த இருக்கையில் வில்லங்கம் இருக்கிறது என்று அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. செக்கர் ஏறியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறவனை மன்னிக்கலாம், அவனுக்கு வெட்கமாவது இருக்கிறது. சிரிக்கிறவனை விடக் கூடாது. காரணமில்லாமல் சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான். அழுகிறவர்களைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். "இறங்குங்க, கீழ பேசிக்கலாம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை.

இந்தப் புத்தியை டிப்போவிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் தொல்லை இல்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். குழாய் சரிசெய்ய வந்தவன் பழைய வாஷரையே திருப்பி மாட்டிவிட்டானோ என்று அவன் போனபின் பிரித்துப் பார்ப்பார், பிறகு மாட்டத் தெரியாமல் வீடு முழுக்கத் தண்ணீர். மாடிவீட்டுக்காரர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வணக்கம் சொன்னால் மூன்றாம் நாள் என்ன கேட்கப் போகிறார் என்று காத்திருப்பார். அவர் மனைவி இதற்கெல்லாம் சிரிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேனா, பென்சில், காகிதம் விற்கும் சின்னக் கடை அவளுடையது. பிள்ளைகள் கூட்டமாக வந்து எல்லாப் பேனாவையும் எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க மாட்டாள். கணவரைப் பார்த்து மட்டும், "உங்க கண்ணு வலிக்காதா? ஒரு நாளாவது அதுக்கு லீவு குடுங்களேன்" என்பாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது அவள் பொறுமையால்தான் என்று நான் சொன்னால் செக்கரே மறுக்க மாட்டார்.

அவள் கடை வாசலில்தான் விபத்து நடந்தது. சரக்கு இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்த வண்டி அவளை இடித்துத் தள்ளியது. நடைபாதையின் கல் விளிம்பில் தலை மோதிவிட்டது. மண்டைக்குள் ரத்தம் கட்டி, அன்றே அறுவை சிகிச்சை. மூச்சுக்குக் குழாய், மூக்கின் வழியே வயிற்றுக்கு ஒரு குழாய். சில வாரத்தில் மூச்சு தானாக வந்தது. அந்தக் குழாயை எடுத்துவிட்டு அவளைப் பொது வார்டின் ஓரத்துப் படுக்கைக்கு மாற்றினார்கள். கண் திறந்தாள், ஆனால் எதையும் பார்க்கவில்லை. செக்கர் முகத்துக்கு நேரே நின்றால் பார்வை அவரைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று.

மூளை டாக்டர் நடுவயதுக்காரர், வளவளவென்று பேசாதவர். செக்கரையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மண்டை ஆபரேஷன் நல்லாத்தான் இருக்கு. இப்ப என் கவலை வேற. ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதம் இருக்கு. தலைல இவ்வளவு பெரிய அடி பட்டா உடம்பு தன்னோட சதையவே கரைச்சுச் சாப்பிட ஆரம்பிச்சிடும். அந்தப் புரதம் மளமளன்னு இறங்கும். மூணரைக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு ரெண்டரைக்கு வந்திடுச்சு."

"அது ஏறினா எந்திரிச்சிடுவாங்களா டாக்டர்?" என்று மகள் கேட்டாள். அவள் துணிக்கடையில் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவள். எதையும் இஞ்ச் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

"அப்படி வாக்குக் குடுக்க மாட்டேன்மா. அது ஏறினதால மட்டும் யாரும் முழிச்சிக்கிறதில்ல. ஆனா இறங்கிக்கிட்டே போனவங்க தேறி வர்றது கஷ்டம்னு பாத்திருக்கோம். கிருமி சுலபமா தாக்கும், படுக்கைப் புண் ஆறாது, மூளை தேறி வரும்போது ஒத்துழைக்க உடம்புல சத்து இருக்காது. அதனால டியூப் வழியா புரதம் நல்லாப் போகணும். முதல் சில வாரம் இறங்கும், அப்புறம் மெதுவா ஏறணும்."

செக்கர் மனசில் ஒன்றே ஒன்று பதிந்தது. எண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அவள் இல்லை.

புரதப் பொடியை வீட்டார்தான் வாங்கித் தர வேண்டும். மகள் பெரிய டப்பாவாக வாங்கிவந்தாள். படுக்கை எண் எழுதிய சீட்டை ஒட்டி வார்டு அலமாரியில் வைத்தார்கள். நாள் முழுக்க வேளைக்கு ஒரு தடவை, வெள்ளையாகக் கலக்கிய அந்த ஆகாரத்தைக் குழாயில் ஊற்ற வேண்டும். வார்டில் அதற்கு ஃபீடு என்று பேர். பகல் ஃபீடைப் பெரும்பாலும் ஊற்றியவள் ஒரு நர்ஸ். சதா சிரித்த முகம். படுக்கையில் கிடப்பவர்களிடமும் சிரிப்பாள், ஊசி போடும்போதும் சிரிப்பாள், பெரிய நர்ஸ் திட்டும்போதும் அந்தச் சிரிப்பு போகாது. செக்கர் முதல் நாளே அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். வைத்ததோடு நிற்காமல் கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனிக்கவும் ஆரம்பித்தார்.

ஒரு நாள் மதியம் அவர் எதிர்பார்த்தது நடந்தது. சிரிப்புக்காரி ஃபீடோடு வந்தாள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயில் மாட்டி மெதுவாக இழுத்தாள். வயிற்றிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. பார்த்தாள். அதைத் திரும்ப உள்ளே விட்டாள். "இப்ப வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு ஃபீடை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"என்ன சிஸ்டர், சாப்பாடு குடுக்காம போறீங்க?"

"போன வேளை குடுத்ததே இன்னும் செரிக்கல சார். மேல மேல ஊத்தினா எதுக்களிச்சு நுரையீரலுக்குப் போயிடும். ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் ஊத்தணும். நிறைய நின்னா அந்த வேளை கிடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் செக்கர் நம்பியிருக்கக்கூடும். எனக்கென்னவோ அப்போதும் நம்பியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஒரு வேளை ஊற்றாவிட்டால் ஒரு வேளைப் பொடி மிச்சம். வார்டில் எத்தனை படுக்கை, படுக்கைக்கு எத்தனை வேளை, எத்தனை டப்பா. அவர் மனசு பெருக்கிப் பார்த்துவிட்டது. மகளிடம் சொன்னார். "அப்பா, பேசாம இருங்க. பாவம், அந்தப் பொண்ணு ஓடி ஓடி வேலை பாக்குது" என்றாள் மகள். ஓடி ஓடி வேலை பார்ப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று அவருக்கு அதற்கும் ஒரு பதில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் பார்லியைக் கழுவி வேகவைத்தார். குழையக் குழையக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் மனைவி காய்ச்சிக் கொடுத்தது அதுதான். அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தன் அடுப்பில் தன் கண்ணெதிரே கொதித்தது, நடுவில் வேறு கை படாதது, அது போதும் அவருக்கு. குழாயில் எப்படி ஊற்றுவது என்பதும் அவருக்குத் தெரியும். பின்னால் வீட்டுக்குப் போனால் உதவும் என்று சிரிப்புக்காரி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். சிரிஞ்சை மாட்டுவது, உயரப் பிடிப்பது, மெதுவாக இறக்குவது எல்லாம் அத்துப்படி. முதலில் இழுத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். அது அவர்கள் சாக்குச் சொல்வதற்காக வைத்திருக்கும் வேலை என்பது அவர் முடிவு.

பார்வையாளர் நேரம் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை. ஒவ்வொன்றும் ஃபீடு நேரத்துக்குச் சற்று முன்னால் முடியும், செக்கர் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி ஃபீடு வரும்வரை நின்றுவிடுவார். மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லும் அந்தச் சந்தடியில் நர்ஸுகள் மருந்து அறைப் பக்கம் இருப்பார்கள். செக்கர் படுக்கையைச் சுற்றித் திரையை இழுப்பார், துணி மாற்றுவதுபோல. பையிலிருந்து ஃபிளாஸ்க் வெளியே வரும். ஒரு பெரிய தம்ளர் அளவு பார்லித் தண்ணி குழாயில் இறங்கும். ஃபிளாஸ்கைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே செய்தித்தாள். ஒளித்துக்கொண்டு போகிறவர்களைப் பிடித்தே வயதானவர், எங்கே ஒளித்தால் யார் கண்ணிலும் படாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன. வாசல் காவலாளியைத் தாண்டும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். சிரிக்க மாட்டார்.

மனைவியின் காதில் மட்டும் குனிந்து சொல்வார்: "நான் காய்ச்சினது. பயப்படாம வாங்கிக்கோ."

அதன்பிறகு சிரிப்புக்காரி "இப்ப வேணாம்" சொல்வது அதிகமாயிற்று. காலையில் வேண்டாம், மதியம் வேண்டாம், மாலையில் வேண்டாம். பிறகு இரவில் கொடுப்பதையும் பாதியாகக் குறைத்தார்கள். வயிறு அசைவதற்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் பலனில்லை. செக்கர் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, தான் நினைத்தது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டார். இவர்களை நம்பியிருந்தால் இவள் பட்டினியாகவே போயிருப்பாள். நல்லவேளை நான் இருக்கிறேன். மறுநாள் முதல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார்.

ஆல்புமின் இரண்டரையிலிருந்து இறங்கி இரண்டைத் தொடப் போயிற்று.

அப்போது அவர் ரத்தப் பரிசோதனைக்காரர்களையும் சந்தேகித்தார். ரத்தம் எடுத்த சின்னக் குழாயின் பின்னாலேயே ஆய்வுக்கூடம் வரை நடந்து போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "உள்ள வரக் கூடாது சார். என்ன வேணும்?" என்றான்.

"ஒண்ணும் வேணாம். சீட்டு சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கறேன்."

"நாங்க பாத்துக்கறோம் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, மெஷின் ஓடி முடியும்வரை ஜன்னலை விட்டு நகராமல் நின்றார். எண் மாறவில்லை.

படுக்கையில் கிடந்தவளைப் பார்த்தால் ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை என்று குருடனுக்கும் தெரியும். கன்னம் ஒட்டிவிட்டது, பாதம் மட்டும் வீங்கியிருந்தது, அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண் தொடங்கிவிட்டது. செக்கர் அதைப் பார்த்த அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். சிரிப்புக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர வேண்டும்.

புதிதாக ஒரு டப்பா வாங்கியிருந்தார்கள். அலமாரிக்குப் போகுமுன் செக்கர் அதைத் திறந்து, பொடி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே உட்புறம் நகத்தால் ஒரு கீறல் போட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது டப்பா காலியாகியிருக்கும், மனைவிக்குப் பாதி வேளைகூடப் போயிருக்காது, அப்போது இந்தச் சிரிப்பு எங்கே போகிறது பார்ப்போம். இதற்கிடையில் அப்பாவின் நச்சரிப்புத் தாங்காமலும், அம்மாவின் நிலைமையைப் பார்த்துப் பயந்தும், மகள் பெரிய நர்ஸிடம் புகார் சொல்லிவிட்டாள். சிரிப்புக்காரி வேளைக்கு ஃபீடு கொடுப்பதில்லை, பொடி என்ன ஆகிறதென்று தெரியவில்லை என்று. பெரிய நர்ஸ் விசாரிப்பதாகச் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து சிரிப்புக்காரியை வேறு வார்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் செக்கரையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரிப்புக்காரியும் அங்கே நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அழுதிருக்கிறாள் என்று கண் இமை சொல்லிற்று. செக்கர் அழுகிறவர்களைப் பற்றி யோசிக்கிற ஆள் இல்லை என்றுதான் முன்பே சொன்னேனே. பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். காலையிலேயே அலமாரியிலிருந்து அவரே எடுத்துவிட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் டப்பாவைத் திறந்தபோது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். பொடி பெரிதாகக் குறையவில்லை. கீறலுக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஆனாலும் பழக்கப்பட்ட மனசு, உடனே வேறு கதவைத் திறந்துகொண்டது. திருடவில்லை, சரி. அப்படியென்றால் கொடுக்கவே இல்லை.

"பாருங்க டாக்டர்" என்றார். பேருந்தில் பேசும் அதே குரல். "டப்பா அப்படியே இருக்கு. ஒரு வாரமா என் சம்சாரத்துக்கு இவங்க ஒண்ணுமே குடுக்கல. ஆமாவா இல்லையா, கேளுங்க."

"ஆமா சார். பகல்ல அநேகமா எதுவுமே குடுக்க முடியல" என்றாள் நர்ஸ். "எப்ப இழுத்துப் பாத்தாலும் வயிறு நிறைய நிக்குது. எழுதி வச்சிருக்கேன். டாக்டர்கிட்டயும் தினமும் சொன்னேன்."

"ராத்திரி?" செக்கர் விடவில்லை.

"பாதிதான்."

"மூணு வேளையும் நிக்குதா?"

"மூணு வேளையும்."

செக்கர் ஓரடி முன்னால் வந்தார். பொய் சொல்கிறவர்கள் எப்போதும் ஒரு இடத்தில் வந்து மாட்டுவார்கள். அந்த இடம் வந்துவிட்டது. அவர் விரலை நீட்டினார்.

"காலைல குடுக்கல. மதியமும் குடுக்கல. அப்ப சாயங்காலம் இழுத்தா வயிறு நிறைய எப்படிம்மா வரும்? குடுக்காத சாப்பாடு எங்கருந்து வந்து வயித்துல நிக்கும்?"

"அதேதான் சார்" என்றாள் அவள். "அதத்தான் நானும் ராப்பகலா யோசிக்கறேன். எனக்குப் புரியல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். செக்கர் தான் நீட்டிய விரலைப் பார்த்தார். அதை மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெள்ளையாக, கலங்கலாக, வேளைக்கு ஒரு பெரிய தம்ளர். ஃபீடுக்குச் சற்று முன்னால்.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "வயிறே கொஞ்சம் சுரக்கும், ஆனா இவ்வளவு வராது. மூளைல அடி பட்டதால வயிறு வேலை செய்யாம நின்னு போச்சுன்னுதான் எடுத்துக்கணும். இப்படியே விட்டா உடம்பு தாங்காது. நாளைக்குக் காலைல மயக்கம் குடுத்து, கேமரா விட்டு, குழாயக் குடலுக்கே இறக்கிடலாம். இவங்க இருக்கற பலவீனத்துல மயக்கம் குடுக்கறது ஆபத்துதான், மறைக்கல. ஆனா வேற வழி தெரியல." ஒரு தாளை மகள் பக்கம் தள்ளினார். "நீங்க சம்மதம் தரணும்."

செக்கரின் மனசு அப்போது என்னவெல்லாம் கணக்குப் போட்டது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாது. ஃபிளாஸ்க் பைக்குள் இருக்கிறது. இன்று மாலை ஊற்றாமல் விட்டால் போதும். வயிறு காலியாக இருக்கும், ஃபீடு இறங்கும், மருந்து வேலை செய்துவிட்டது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நர்ஸ் எப்படியும் வேறு வார்டுக்குப் போகிறாள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஆனால் நாளைக் காலை மயக்க ஊசி. ஒரு நாள் பொறுக்கச் சொல்லலாமா? ஏன் என்று கேட்பார்களே. என்ன சொல்வது? ஆயிரம் பேரின் புளுகைக் கேட்டவருக்குச் சொந்தமாக ஒரு புளுகு கிடைக்கவில்லை.

மகள் பேனாவைத் திறந்தாள்.

"போடாதம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மகள் நிமிர்ந்ததால்தான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. பையைத் திறந்தார். செய்தித்தாளை எடுத்தார், துண்டை எடுத்தார், ஃபிளாஸ்கை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பார்லித் தண்ணி. நான்தான் குழாய்ல ஊத்தினேன். மூணு வேளையும்."

நர்ஸ் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், மூடியிலேயே கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இழுத்துப் பாத்துட்டு ஊத்தினீங்களா?"

"இல்ல."

"தலையத் தூக்கி வச்சிட்டா, படுத்த மாதிரியேவா?"

"படுத்த மாதிரியே."

"ஒரு வாய் நுரையீரலுக்குப் போயிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் சார். தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. "என்னத் திருடின்னு சொன்னீங்க. அது போகட்டும். அவங்களப் பட்டினி போட்டுட்டீங்களே. இதுல வெறும் தண்ணிதான் இருக்கு."

இறங்குங்க, கீழ பேசிக்கலாம் என்று சொல்லி அவரை யாராவது கூட்டிக்கொண்டு போனால் தேவலை என்று செக்கருக்கு இருந்தது. யாரும் கூட்டிப் போகவில்லை. டாக்டர் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரைத் திட்டினார். வளவளவென்று பேசாத மனிதர் அன்று நிறையப் பேசினார். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாள் அவருடன் பேசவில்லை. அவர் வருகிற வேளையில் அவள் வெளியே போய் நின்றுகொள்வாள்.

நர்ஸை வார்டு மாற்றவில்லை. செக்கர் பெரிய நர்ஸிடம் போய் நின்று, வார்டு ஆட்கள் எல்லோர் முன்னாலும் தான் சொன்னது தப்பு என்று சொன்னார். அதன்பிறகு பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தால் முதலில் நர்ஸிடம் போய்ப் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. அவள் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். நம்பி விட்டுவிடுகிற ஜாதி இல்லை இப்போது அவளும். செக்கரிடம் மட்டும் அவள் சிரிப்பதில்லை. அவருக்கு அது எங்கேயோ வலித்தது.

மறுநாள் காலை சிரிஞ்சை இழுத்தபோது கொஞ்சம் நுரைதான் வந்தது. ஃபீடு முழுசாக இறங்கிற்று. மதியமும் இறங்கிற்று. ஆல்புமின் உடனே ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. ஒரு வாரம் அப்படியே நின்று, பிறகு புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு என்று ஏறியது. பாத வீக்கம் வடிந்தது. புண்ணின் ஓரம் சிவந்து மூடத் தொடங்கியது. ஒரு நாள் டாக்டரின் விரலை அவள் இறுக்கிப் பிடித்தாள், விடச் சொன்னதும் விட்டாள்.

செக்கர் டாக்டரை வராந்தாவில் மடக்கிக் கேட்டார். "நான் பண்ணினதாலதான் இவ்வளவு நாள் ஆச்சா டாக்டர்? நான் பண்ணாம இருந்திருந்தா முன்னாடியே முழிச்சிருப்பாளா?"

"தெரியாது" என்றார் டாக்டர். "அடி பட்ட உடம்புல அது தானாவும் இறங்கும். உங்களால எவ்வளவு, அடியால எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்களால ஒண்ணுமே இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

துப்புத் துலக்கியே பிழைத்த மனிதருக்கு, ஆயுசு முழுக்கத் துலங்காத ஒன்று கிடைத்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு யாரையும் சந்தேகப்படவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். படுவார். பட்டதும் வாயைத் திறக்குமுன் முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்வார்.

மாதங்கள் போயின. குழாயை எடுத்துவிட்டு வாய்வழியே கொடுத்துப் பழக்கலாம் என்று சொன்னார்கள். அவள் இப்போது தலையணைகளில் சாய்ந்து உட்காருவாள். கண் ஆட்களைப் பார்த்தது. ஒன்றிரண்டு சொல் வந்தது. மகளை அடையாளம் தெரிந்தது, நர்ஸைக் கண்டால் உதடு லேசாக விரியும். செக்கரை மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பழைய நினைவுகளில் சில திரும்பி வருவதற்கு நாளாகும், சில வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் நர்ஸ் கூழாக மசித்த ஆகாரத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, தானே கரண்டியை எடுத்தவள், ஏனோ நிறுத்தி அதைச் செக்கரிடம் நீட்டினாள். "நீங்க குடுங்க. கொஞ்சமா. அவங்க விழுங்கினப்புறம்தான் அடுத்தது."

செக்கர் கட்டில் ஓரம் உட்கார்ந்து கரண்டியை வாயருகே கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கரண்டியைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். யாரையும் அவள் அப்படிச் சந்தேகத்தோடு பார்த்து அவர் கண்டதில்லை.

"நான்தான்" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பி நர்ஸிடம் கேட்டாள், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து: "யா...ரு?"

நான் உன் வீட்டுக்காரன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் எதை வைத்து நம்புவாள்? அவர் நர்ஸைப் பார்த்தார். கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தார். திருடி என்று அவர் விரல் நீட்டிய பெண். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நர்ஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து, அவள் தோளில் கை வைத்தாள்.

"இவர் குடுத்தா சாப்பிடலாம்மா. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவள் யோசித்தாள். நர்ஸின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள். செக்கர் ஊட்டியதில் பாதி கழுத்துத் துணியில் சிந்திற்று, மீதியை அவள் விழுங்கினாள்.